கூண்டுக்கு வெளியே நின்றவர்கள்

(படிப்பகமொன்றின் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மனிதன் யார் என்று கேட்டால், ஏடு புரட்டிப் பதில் கூறுவோர் பலர் உண்டு. சிந்திப்பவன் மனிதன் என்பார் ஒருவர். சிரிக்கத் தெரிந்தவன் மனிதன் என்பார் மற்றொருவர். நான் இன்று உங்களை ஏடுகளிடம் அழைத்துச் செல்லப் போவதில்லை. ஒரு கூண்டின் முன் அழைத்துச் சென்று நிறுத்தப் போகிறேன். நின்று பாருங்கள், பிறகு பதில் சொல்லுங்கள்.

1906-ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள். இடம், அமெரிக்க நாட்டு நியூயார்க் மாநகரின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள விலங்குக் காட்சிச்சாலை. மனிதர் அனைவரும் சமம் என்று 1776-லேயே பறைசாற்றிய நாடு அது! உள்நாட்டுப் போரில் இரத்தம் சிந்தி, 1865-இல் அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்த நாடு அது!

அந்தக் காட்சிச்சாலையின் குரங்குக் கூடத்திலே ஒரு கூண்டு. அதனுள்ளே ஒராங் ஊத்தான் குரங்கு ஒன்று. அதன் அருகே ஒரு மனிதர்!

ஆம் தோழர்களே, மனிதர்தான். பெயர் ஓட்டா பெங்கா. ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டுக் காட்டில் பிறந்தவர். வெளியே ஒரு பலகை தொங்கிற்று. அதில் அவர் பெயர், வயது 23, உயரம் 4 அடி 11 அங்குலம், எடை 103 பவுண்டு, கொண்டுவந்தவர் யார், எங்கிருந்து என்ற விவரம், செப்டம்பர் முழுவதும் பிற்பகல்தோறும் காட்சி என்ற அறிவிப்பு, அத்தனையும் எழுதப்பட்டிருந்தன. புலிக்கும் கரடிக்கும் எழுதி மாட்டுவதுபோல் ஒரு மனிதருக்கும் எழுதி மாட்டினர்!

யார் இந்த ஓட்டா பெங்கா? அவர் பிறந்த காங்கோ, பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் சொந்த உடைமையாக இருந்தது. 1885 முதல் 1908 வரை ஒரு நாடே ஒரு தனி மனிதரின் சொத்து! இரப்பர்ப் பாலுக்காக ஊர்கள் எரிக்கப்பட்டன. மக்களின் கைகள் வெட்டப்பட்டன. ஓட்டா பெங்கா வேட்டைக்குச் சென்றிருந்த நேரத்தில், மன்னரின் படையினர் அவருடைய குடும்பத்தாரைக் கொன்றனர். அடிமை வணிகர் கையில் அகப்பட்ட அவரை, சிறிது உப்பும் ஒரு சுருள் துணியும் கொடுத்து வாங்கியதாகச் சாமுவேல் வெர்னர் என்ற அமெரிக்கரே சொன்னார். 1904-இல் செயின்ட் லூயி நகர உலகப் பொருட்காட்சியில் அவரைக் காட்சிக்கு வைத்தனர். இரண்டே ஆண்டில் பொருட்காட்சியிலிருந்து குரங்குக் கூடத்துக்குக் கொண்டுவந்தனர்.

இதைச் செய்தோர் கல்லாத கயவர்களா? அல்லர். அங்கேதான் நாம் அஞ்சவேண்டிய செய்தி இருக்கிறது. காட்சிச்சாலையின் இயக்குநர் வில்லியம் ஹார்னடே பெயர் பெற்ற விலங்கியல் அறிஞர். அழிந்துகொண்டிருந்த அமெரிக்கக் காட்டெருமை இனத்தைக் காக்க அரும்பாடு பட்டவர். எருமைக்காக உருகிய உள்ளம், மனிதருக்காக உருகவில்லை! ஏன்? எருமையை எருமை என்று ஒப்புக்கொண்ட அவர், மனிதரை மனிதர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. இரக்கம் இல்லாமல் போனதன்று குற்றம். ஒப்புக்கொள்ள மறுத்ததே குற்றம்.

அறிவியலுக்காகச் செய்தோம் என்றனர். எந்த அறிவியல்? மனித இனங்கள் யாவும் ஒரே வழியில் வந்தவை என்று டார்வின் 1871-லேயே எழுதிவிட்டார். உறவைக் காட்டிய அறிவியலை உயர்வு தாழ்வு காட்டும் ஏணியாக்கியது அறிவன்று, ஆணவம்.

எதிர்த்தவர் யார்? செல்வச் சீமான்கள் அல்லர். பெரும் பேராசிரியர்கள் அல்லர். கறுப்பின மதபோதகர் சிலர் திரண்டனர். அநாதை விடுதி ஒன்றை நடத்தி வந்த ஜேம்ஸ் கார்டன் முன்னின்றார். எங்கள் இனம் ஏற்கெனவே போதுமான அளவு தாழ்த்தப்பட்டிருக்கிறது. எம்மில் ஒருவரைக் குரங்கோடு காட்சிக்கு வைக்கவும் வேண்டுமா என்று கேட்டார். நகர மேயரைக் காணச் சென்றனர். மேயர் சந்திக்க மறுத்தார். மேயரைப் பாராட்டி ஹார்னடே கடிதம் எழுதினார்: இந்தச் சாலையின் வரலாறு எழுதப்படும்போது, மிகவும் வேடிக்கையான பகுதி இதுவாகத்தான் இருக்குமாம்!

எதிர்ப்புக் குரல் கேட்டதும் கூண்டைத் திறந்து அவரைத் திடலில் உலவவிட்டனர். அதன் பின்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை 40,000 பேர் வந்தனர் என்று அந்நாளைய செய்தித்தாள் எழுதிற்று. கூட்டம் அவரை நாளெல்லாம் துரத்தியது. விலாவில் குத்தினர் சிலர், காலை இடறிவிட்டனர் சிலர், சிரித்தனர் எல்லோரும். சிரிக்கத் தெரிந்தவன் மனிதன் என்ற இலக்கணத்தை, தோழர்களே, அங்கே வைத்துப் பாருங்கள்!

ஆயினும் அந்தச் சிலரின் குரல் வீண்போகவில்லை. அம்மாதம் முடிவதற்குள் ஓட்டா பெங்கா அநாதை விடுதிக்கு அனுப்பப்பட்டார். பின்னர் 1910-இல் வர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பர்க் நகரில் குடியேறினார். தம் குல வழக்கப்படி கூராக்கியிருந்த அவருடைய பற்களுக்கு உறை மாட்டினர். பெயரையும் ஆங்கிலப் பெயர்போல் மாற்றினர். அன்பினால் செய்தனர், ஐயமில்லை. ஆனால் அந்த அன்புங்கூட, நீ நீயாக இராதே என்றுதான் அவரிடம் கேட்டது. புகையிலைத் தொழிற்சாலையில் உழைத்தார். ஊர்ச் சிறுவர்களுக்குக் காட்டில் வேட்டையாடக் கற்றுக்கொடுத்தார். தாயகம் திரும்ப ஏங்கினார். 1914-இல் மூண்ட உலகப்போர் வழியை அடைத்தது. 1916 மார்ச் 20 அன்று, பற்களின் உறையைப் பெயர்த்தெறிந்துவிட்டு, தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

கதை அதோடு முடியவில்லை. காட்சிச்சாலையை நடத்திய விலங்கியல் கழகத்தின் நிறுவனர்களுள் ஒருவர் மாடிசன் கிராண்ட். ஓட்டா பெங்கா மறைந்த அதே 1916-இல், வெள்ளையருள்ளும் ஒரு பிரிவே உயர்ந்தது என்று வாதிடும் நூலொன்றை அவர் வெளியிட்டார். 1925-இல் அது ஜெர்மன் மொழிக்குச் சென்றது. போருக்குப் பின் நியூரம்பர்க்கில், கொலைபுரிந்த நாஜி மருத்துவர்கள் விசாரிக்கப்பட்டபோது, ஹிட்லரின் மருத்துவர் கார்ல் பிராண்ட் தரப்பினர் தமக்கு ஆதரவாக அந்த நூலின் பகுதிகளையே எடுத்துக்காட்டினர்! குரங்குக் கூடத்தில் வேடிக்கையாகத் தோன்றியதன் பின்னிருந்த எண்ணம் எங்கே போய்ச் சேர்ந்தது, பார்த்தீர்களா? ஒருவரை மனிதரல்லர் என்று சொல்லப் பழகிய நா, ஒருவரோடு நிறுத்திக்கொள்வதில்லை.

2020 ஜூலையில், அந்தக் கழகத்தின் வழிவந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 114 ஆண்டுகளுக்குப் பின்! வேடிக்கையான பகுதி என்று ஹார்னடே எழுதியது வெட்கக்கேடான பகுதியாக வரலாற்றில் நிற்கிறது.

தோழர்களே, நியூயார்க்கின் கூண்டைக் கண்டு கொதிப்பது எளிது. கடல் கடந்த கொடுமை நம்மை ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் எல்லாக் கூண்டும் இரும்பால் ஆனதன்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதன் பின்னும் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்த ஊர்கள் நம் நாட்டில் இருந்தன. மலக்குழியில் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அதன் பின்னும் நச்சுக் காற்றுக்குப் பலியானோர் உண்டு. குவளையை நீட்டியவரும், குழியைக் காட்டிக் கூலி பேசியவரும் கொடியவராகவே பிறந்தவரல்லர். இவர் நம்மைப் போன்றவரல்லர் என்று உள்ளத்தில் ஒரு பலகை எழுதி மாட்டியவர்கள். அருகே தேநீர் பருகியபடி பார்த்துக்கொண்டிருந்தோர்? அவர்கள் அந்த 40,000 பேரின் உறவினர்!

மனிதன் யார் என்று கேட்டேனே, பதில் கிடைத்ததா? கூண்டுக்குள் இருந்தவர் மனிதர்தானா என்று அன்று ஆராய்ந்தனர். ஆராயப்பட்டிருக்க வேண்டியவர்கள் வெளியே நின்றவர்கள்.

படிப்பகத்தை விட்டுத் தெருவிலே இறங்கும்போது, நாம் எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள். ஜேம்ஸ் கார்டனிடம் ஆட்சி இல்லை, படை இல்லை. மேயரின் கதவும் திறக்கவில்லை. எனினும் வாய் திறந்து, இவர் மனிதர் என்றார். நம் ஊரில் அப்படிச் சொல்லவேண்டிய நாள் வரும்போது, கூட்டத்தில் நின்று சிரிப்பவராகவோ, சிரிப்பைக் கண்டு வாளாவிருப்பவராகவோ நாம் இருத்தல் ஆகாது. உரக்கச் சொல்வோம்.