தலைமையும் கூட்டுப்பணியும்: பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தரும் பாடம்



ஓர் அமைப்பு நலமாக உள்ளதா என்பதை எதனைக் கொண்டு அறிவது? கட்டடத்தின் உயரமும் வங்கியின் இருப்பும் ஆண்டுவிழாவில் திரளும் கூட்டமும் கண்ணுக்குத் தெரியும் அளவுகோல்கள். அவற்றினும் நம்பத்தக்க அளவுகோல் ஒன்று உண்டு. தலைவரின் நாற்காலி வெறுமையாகிய மறுநாட் காலையில் அவ்வமைப்பின் கதவு வழக்கம்போல் திறக்கின்றதா என்பதே அது. இந்நாட்டில் நம்மவர் நடத்திவரும் சங்கங்கள் பலவற்றை இவ்வளவுகோலால் அளந்தால் மனம் கலங்குகின்றது. ஒருவர் தம் பொருளையும் காலத்தையும் ஈந்து ஒரு சங்கத்தை வளர்க்கின்றார். அவர் விலகியபின் அது இரண்டாகப் பிளவுறுகின்றது, அன்றேல் பெயர்ப்பலகையாக மட்டும் எஞ்சுகின்றது. தனிமனிதரின் ஈகையால் தோன்றிய பணி அவரோடு முடிந்துவிடாதிருக்க நாம் செய்ய வேண்டுவது யாது என்பதே இன்றைய பொழிவின் பொருளாகும்.

திருக்குறளின் பொருட்பாலில் அரசியல் என்னும் இயல் 25 அதிகாரங்களைக் கொண்டது. மன்னனை நோக்கிக் கூறப்பட்டவை எனினும், பத்துப் பேர் கூடிய மன்றத்தின் தலைவருக்கும் அவை பொருந்தும். அவற்றுள் கேள்வி, தெரிந்து வினையாடல், பெரியாரைத் துணைக்கோடல் ஆகிய மூன்றனை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். இம்மூன்றுக்கும் விளக்கமாக நம் ஜார்ஜ் டவுன் நகரிலேயே ஓர் அமைப்பு உள்ளது. அதுவே பினாங்கு பயனீட்டாளர் சங்கம்.

கேட்கும் செவி

1969ஆம் ஆண்டு பினாங்கிற்கு இடர்மிகுந்த ஆண்டு. தீர்வையற்ற துறைமுகம் என்னும் தகுதியை இத்தீவு இழந்தது; வேலையின்மை பெருகிற்று. அச்சூழலில் உருப்பெற்ற இச்சங்கத்தை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தலைமையேற்று நடத்தியவர் எஸ். எம். முகமது இத்ரிஸ் அவர்கள். 1926ஆம் ஆண்டு தமிழகத்தில் பிறந்து, இளமையிலேயே பினாங்கிற்கு வந்து, வணிகராக வாழ்ந்தவர்.

இச்சங்கத்தின் அடிப்படைப் பணி எளியது. ஏமாற்றப்பட்ட ஒருவர் வருகின்றார், தம் குறையைச் சொல்கின்றார், அது கேட்கப்படுகின்றது, உரியவர்க்கு எழுதப்படுகின்றது. பழுதுற்ற பொருள், வீட்டுமனை மேம்பாட்டாளரின் வாக்குத் தவறல், உணவுக் கலப்படம் எனக் குறைகள் பலவகைப்படும். ஒரு குறை ஒருவருடையது. ஒரே குறை பலரிடமிருந்து வருமாயின் அது சமூகத்தின் நோய். தனிக் குறைகளைக் கேட்பதிலிருந்து ஆய்வும், ஆய்விலிருந்து பரப்புரையும் வளர்தல் இவ்வாறுதான். தோட்டப் பாட்டாளிகளின் குடும்பங்களைச் சீரழித்த சம்சு என்னும் மலிவு மதுவை எதிர்த்தும், புகைப்பழக்கத்தை எதிர்த்தும், சர்க்கரையின் மிகைப் பயன்பாட்டை எதிர்த்தும் சங்கம் நெடுங்காலம் குரல் கொடுத்துவந்துள்ளது.

பிறை தொழிற்பேட்டையின் கழிவால் ஜூரு ஆறு மாசுற்றபோது, கோலா ஜூரு மீனவர்களின் துயரையும் சங்கம் தன் பணியாக ஏற்றது. பொருள் வாங்குவோரின் நலம் காக்கத் தோன்றிய அமைப்பிற்கு மீனவர் துயரில் என்ன வேலை என்று கேட்கலாம். செவி திறந்திருக்கும் அமைப்பின் எல்லை, வருவோர் கொணரும் துன்பத்தால் விரிவடையும் என்பதே அதற்கு விடை. கேள்வி அதிகாரத்தில் வள்ளுவர் செவிச்செல்வத்தைச் செல்வங்களுள் தலையாயதாக வைத்தமை இங்கு நினைக்கத்தக்கது.

ஆளறிந்து ஒப்படைத்தல்

கேட்டவை அனைத்தையும் ஒருவரே செய்து முடித்தல் இயலாது. வினைக்கு உரியவரைத் தேர்ந்து, அவரிடம் வினையை ஒப்படைத்து, பின் விலகி நிற்க வேண்டும் என்பது தெரிந்து வினையாடல் அதிகாரத்தின் சாரம். நம் தலைவர்கள் பலர் முதற்பகுதியைச் செய்கின்றனர். விலகி நிற்றல் மட்டும் அவர்க்குக் கைகூடுவதில்லை.

பயனீட்டாளர் சங்கத்தின் வரலாறு இதற்கு மாறானது. தொடக்கக் காலத்தில் அதனை வளர்த்தவர்களுள் ஒருவராகிய அன்வர் ஃபசால், பின்னர் அனைத்துலகப் பயனீட்டாளர் அமைப்பின் தலைவராக உயர்ந்தார். 1962ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் அமெரிக்க அதிபர் கென்னடி பயனீட்டாளர் உரிமைகள் குறித்து அந்நாட்டு நாடாளுமன்றத்திற்குச் செய்தி விடுத்தார். அந்நாளை உலகப் பயனீட்டாளர் உரிமை நாளாகக் கொண்டாடும் கருத்தை முன்வைத்தவர் அன்வர் ஃபசால். 1983 முதல் அது கொண்டாடப்பட்டு வருகின்றது. பினாங்கில் பிறந்த பொருளியல் அறிஞர் மார்ட்டின் கோர் இச்சங்கத்தின் ஆய்வுப் பணியில் வளர்ந்து, 1984இல் பினாங்கில் தோன்றிய மூன்றாம் உலகப் பிணையத்தின் இயக்குநராகவும், பின்னர் ஜெனீவாவில் உள்ள தென்னக மையத்தின் செயல் இயக்குநராகவும் விளங்கினார். சுற்றுச்சூழல் பணிக்கெனச் சஹாபாட் ஆலாம் மலேசியா என்னும் தனியமைப்பு 1970களின் பிற்பகுதியில் உருவாயிற்று.

பணி பெருகியபோது எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் அடைத்துவைக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனி வீடும் தனிப் பொறுப்பாளரும் அமைந்தமை இதனால் விளங்கும். ஆற்றல் மிக்க ஒருவர் வெளியேறுவதை இழப்பாகக் கருதும் அமைப்பு சுருங்கும். விளைச்சலாகக் கருதும் அமைப்பு விரியும்.

மொழியிலும் இப்பகிர்வைக் காண்கின்றோம். ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் சங்கம் இதழ் நடத்திற்று. மக்களின் குறையை அவரவர் மொழியில் கேட்கவும் அவரவர் மொழியில் விடை கூறவும் அந்தந்த மொழி அறிந்தோர் வேண்டும். அவ்வகையில் மொழிப்புலமையும் கூட்டுப்பணியின் ஓர் உறுப்பாயிற்று. தமிழ் கற்கும் மாணவர்கள் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இடித்துரைக்கும் துணை

தவறு காணுமிடத்து இடித்துக் கூறுவோரைத் துணையாகக் கொள்ளாத மன்னன், பகைவர் இன்றியும் கெடுவான் என்பது பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தின் எச்சரிக்கை. தலைவர் சொல்வதற்கெல்லாம் தலையசைப்போரை மட்டும் செயலவையில் அமர்த்துதல் நோயின் முதல் அறிகுறியாகும். சட்டமும் பொருளியலும் அறிவியலும் கற்று, தம் துறையில் தாமே நிற்கவல்ல மனிதர்களைத் தம்மைச் சூழ வைத்துக்கொள்ளும் தலைவருக்குத் தன்னம்பிக்கை வேண்டும், பணிவும் வேண்டும்.

அத்தகைய துணையின் பயன் நெருக்கடியில் விளங்கும். ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் இயங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து 1985இல் ஊர்மக்கள் வழக்குத் தொடுத்தனர். அவர்க்குத் துணைநின்ற வழக்கறிஞர்களுள் பயனீட்டாளர் சங்கத்தின் சட்ட ஆலோசகர் மீனாட்சி ராமன் ஒருவர். 1987 அக்டோபரில் ஒப்பராசி லாலாங் நடவடிக்கையின்போது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். மீனாட்சி ராமனும், சஹாபாட் ஆலாமின் சரவாக் பொறுப்பாளர் ஹாரிசன் ஙாவும் அவர்களுள் அடங்குவர். ஓரிருவரை நம்பிய அமைப்பாயின் அன்றே முடங்கியிருக்கும். ஆயினும் பணி நின்றுவிடவில்லை. மறு ஆண்டே, மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது சஹாபாட் ஆலாமின் சரவாக் கிளைக்குக் கிடைத்தது. புக்கிட் மேரா வழக்கில் 1992இல் உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993இல் உச்சநீதிமன்றம் அதனை மாற்றியது. எனினும் 1994இல் அவ்வாலை மூடப்பட்டது. நீதிமன்றத்தில் தோற்றும் மக்கள் வென்றமைக்கு ஊராரும் வழக்கறிஞரும் அயல்நாட்டு அறிவியலாளரும் ஒன்றி நின்றமை ஒரு காரணமாகும்.

நாற்காலி வெறுமையான நாள்

2019 மே மாதம் 17ஆம் நாள் முகமது இத்ரிஸ் அவர்கள் தம் 92ஆம் அகவையில் மறைந்தார். நாம் தொடக்கத்தில் கூறிய அளவுகோலை வைத்துப் பார்க்கும் நாளும் அதுவே. மஸ்ஜித் நெகிரி சாலையில் உள்ள சங்கத்தின் கதவு அடைபடவில்லை. சங்கத்தின் தலைமையை நெடுநாள் உடனுழைத்த வழக்கறிஞர் மொகிதீன் அப்துல் காதர் ஏற்றார். சஹாபாட் ஆலாமின் தலைமை மீனாட்சி ராமனிடம் சென்றது. இருவரும் உள்ளிருந்தே வளர்ந்தவர்கள்.

இவ்விடத்தில் ஒரு வினா எழும். ஒருவரே அரை நூற்றாண்டு தலைவராக இருத்தல் அமைப்பிற்கு நலமா? பொதுவிதியாக நாம் இதனைப் பரிந்துரைக்க இயலாது. நெடிய தலைமை பல சங்கங்களில் இளையோரின் வழியை அடைத்துள்ளது. இங்கு அது கேடாகாமைக்குக் காரணம், தலைவருக்குக் கீழே தனித்தியங்கும் கிளைகளும் தம் பெயரால் அறியப்பட்ட பொறுப்பாளர்களும் இருந்தமையே. அவ்வேற்பாடு இல்லாத சங்கங்கள் தலைமைக்குக் கால எல்லை வகுத்துக்கொள்ளுதலே தக்கது.

நாம் செய்யத்தக்கவை

இப்பாடத்தைப் பள்ளிக்குள் கொண்டுசெல்வது கடினமன்று. பயனீட்டாளர் சங்கம் பள்ளிகளிலும் பயனீட்டாளர் கழகங்களை வளர்த்துள்ளது. தமிழ்மொழிக் கழகமாயினும் பெற்றோர் ஆசிரியர் சங்கமாயினும் நான்கு செயல்களை மேற்கொள்ளலாம். முதலாவது, உறுப்பினர் குறை கூற ஒரு பதிவேடு வைத்து, ஒவ்வொரு கூட்டத்திலும் அதனை முதலில் படித்தல். இரண்டாவது, ஒவ்வொரு பொறுப்பின் கடமையையும் எழுத்தில் வைத்தல். எழுதப்படாத பணி தலைவரின் தலையிலேயே விழும். மூன்றாவது, கணக்கையும் கூட்டக் குறிப்பையும் எவரும் காணுமாறு வைத்தல். நான்காவது, ஆண்டில் ஒரு கூட்டத்தையேனும் தலைவர் இல்லாமல் துணைத்தலைவர் நடத்துதல். அன்று தடுமாற்றம் நேர்ந்தால் நன்று. எங்கே பயிற்சி தேவை என்பதனை அது காட்டிவிடும்.

மாணவச் செல்வங்களே, கழகத் தலைவராகத் தேர்வு பெறும் நாளில் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு: அடுத்த ஆண்டு இப்பணியைச் செய்யவல்லவர் யார், அவருக்கு இன்று நாம் என்ன கற்பிக்கின்றோம்? இவ்வினாவைத் தலைவர்கள் முதல்நாளிலேயே கேட்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றுமாயின், நம் சங்கங்கள் நீடு நிற்கும்.