நாணத்தால் வளரும் நோய்



காய்ச்சல் கண்டால் ஊரறியச் சொல்கிறோம்; பல்வலி வந்தால் அண்டை வீட்டாரிடமும் முறையிடுகிறோம். ஆனால், தொடையிடுக்கிலோ பிறப்புறுப்பின் அருகிலோ ஒரு படை தோன்றி மாதக்கணக்கில் மறையாதிருந்தால், அதை வீட்டாரிடமும் சொல்வதில்லை. நாணம் நற்குணமே, ஐயமில்லை. எனினும், மருத்துவர் முன்னிலையில் கொள்ளும் நாணம் நோய்க்கே துணைசெய்கிறது.

நமது புதுச்சேரி கடலோர நகரம். வெப்பமும் காற்றின் ஈரமும் கூடிய இவ்வூரில், வியர்வை தங்கும் மடிப்புகளிலே படர்தாமரை எளிதில் பற்றுகிறது. அது வட்டமாகப் பரவும், விளிம்பு தடித்துச் சிவக்கும், நடுவிடம் தெளியும், அரிப்போ பொறுக்க முடியாததாக இருக்கும். பூஞ்சையால் வரும் இந்நோய்க்கும் ஒழுக்கக் கேட்டிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஒரே துண்டைப் பலரும் பயன்படுத்தும் வீட்டில் குழந்தைக்கும் அது தொற்றும்.

நாணமுற்றவர் நாடுவது மருந்துக் கடையை. தாழ்ந்த குரலில், “அரிப்புக்கு ஏதாவது கொடுங்கள்” என்கிறார். கைக்கு வரும் களிம்பில் பல வேளைகளில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். சில நாளில் அரிப்பு அடங்கும். அடங்கியது நோயன்று; நோயை எதிர்க்கும் தோலின் ஆற்றலே. களிம்பை நிறுத்தியதும் படை முன்னினும் விரிந்து படரும். அடையாளமான விளிம்பும் மங்கிவிடும். நாளடைவில் தோல் மெலிந்து, என்றும் மறையாத வரிகள் விழும். இதனாலேயே இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-ஆம் ஆண்டில் நடுவணரசு விதித்தது. 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், வழக்கமான மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத ஒரு பூஞ்சைக்கு ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டீனியே’ என்று பெயரிட்டனர். அப்பெயரில் நம் நாட்டின் பெயரும் கலந்திருப்பது பெருமைக்குரியதன்று.

அப்படியானால் ஸ்டீராய்டு நஞ்சா? அன்று. பெண்களின் மறைவிடத்தில் தோல் வெளுத்து, மெலிந்து, அரிப்புத் தரும் ‘லைக்கன் ஸ்கிளீரோசஸ்’ என்னும் நோய்க்கு அதே க்ளோபெட்டசாலே தக்க மருந்து. அதை வெண்படை என்று எண்ணி வாளாவிருந்தால் தோல் சுருங்கி இறுகும். சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறக்கூடும். ஒருவருக்குக் கேடு செய்யும் களிம்பே மற்றொருவரைக் காக்கிறது. எது எவருக்கு என்பதைக் கண்டறிவதே மருத்துவரின் கலை.

அதற்கு அவர் கையாளும் வழிகள் எளியவை. தோலைச் சிறிது சுரண்டி உருப்பெருக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும். படர்தாமரை போன்றே தோன்றும் ‘எரித்ராஸ்மா’ என்னும் நுண்ணுயிர் நோய், புற ஊதா விளக்கொளியில் பவள நிறமாய் ஒளிரும். ஓயாது திரும்பி வரும் வெண்பூஞ்சைப் புண் நீரிழிவின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். வலியற்ற புண் கிரந்தியாயின், அது தானே ஆறிவிடும். கிருமியோ உள்ளே தங்கிப் பின்னாளில் இருதயத்தையும் மூளையையும், கருவிலுள்ள சிசுவையும் தாக்கும். இரத்தப் பரிசோதனையால் அதைக் கண்டு பெனிசிலினால் தீர்க்கலாம்.

இவ்வூருக்கு மருத்துவம் புதிதன்று. பிரெஞ்சு ஆட்சியில் 1823-இல் இங்கே மருத்துவப் பள்ளி தோன்றியது. அதன் வழிவந்த ஜிப்மர் இன்று கோரிமேட்டில் தோல் நோய்க்கும் பால்வினை நோய்க்கும் தனித்துறை வைத்து நடத்துகிறது.

ஆதலின், இரண்டு வாரத்திற்கு மேல் மறையாத படையோ, ஆறாத புண்ணோ இருப்பின் காலந்தாழ்த்தாது செல்லுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாயின் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பெண்கள், பெண் மருத்துவரையோ உடனிருக்கச் செவிலியையோ கேட்கலாம். அது அவர்களின் உரிமை. முன்பு பூசிய களிம்புகளை மறைக்காது கூறுங்கள். இயன்றால் அக்குழாய்களையே எடுத்துச் செல்லுங்கள்.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயுற்றவனை முதலாவதாக வைக்கிறது. முதற்கூறு வாய்திறவாதிருப்பின் ஏனைய மூன்றும் என்ன செய்ய இயலும்? மறைவிடத்துத் தோலும் தோலே. அதற்கு வந்த நோயைச் சொல்வதில் இழுக்கில்லை, சொல்லாதிருப்பதிலேதான் துன்பம்.