பூட்டிய மாடியறையும் லயத்துக் காம்பராவும்

(இறம்பொடையில் நடைபெற்ற பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



மங்களமான நாளில் பேய்க் கதை பேசலாமா என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கும் தங்கச்சிமார் விரும்பிக் கேட்ட தலைப்பு இது. ஆகவே பேசுகிறேன். 'கோதிக்' என்று சொல்லப்படும் கதைகளில் பேய் வெறும் சாட்டு. அவற்றின் உண்மையான விஷயம் வீடு. வீடு யாருடையது, அதில் யாரைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், சாவி யார் கையில் என்பதுதான்.

இந்த மரபின் முதல் நாவல் ஹொரஸ் வால்போல் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை'. 1764 டிசம்பரில் வெளிவந்தது. பழைய இத்தாலியப் பிரதியொன்றின் மொழிபெயர்ப்பு என்று பொய் சொல்லித்தான் அதை முதலில் அச்சிட்டார். மறுபதிப்பில் உண்மையை ஒப்புக்கொண்டு, 'ஒரு கோதிக் கதை' என்ற துணைத் தலைப்பையும் சேர்த்தார். கல்யாண நாளன்று வானத்திலிருந்து பிரமாண்டமான தலைக்கவசம் விழுந்து மாப்பிள்ளை நசுங்கிச் சாகிறான். இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் கதையின் முடிச்சு என்ன? அந்தக் கோட்டை, பாட்டன் காலத்தில் அநியாயமாகப் பறிக்கப்பட்ட சொத்து. உரியவனிடம் அது திரும்பிச் சேரும்வரை செத்தவர்கள் உறங்க மறுக்கிறார்கள்.

இந்த மரபை வளர்த்தவர்களில் பெண்கள் முக்கியமானவர்கள். ஆன் ராட்கிளிஃப் 1794இல் 'உடோல்ஃபோ' நாவலை எழுதினார். அவர் கதைகளில் திகிலான சத்தம் கேட்கும், திரை அசையும். கடைசியில் எல்லாவற்றுக்கும் மனிதர் செய்த காரணம் ஒன்று வெளிவரும். அநாதைப் பெண்ணின் சொத்துக்கு ஆசைப்பட்ட ஆண்தான் அங்கே பேயைவிடப் பயங்கரமானவன்.

மேரி ஷெல்லி 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதத் தொடங்கியபோது வயது 18. அது 1816ஆம் ஆண்டு. அதற்கு முந்திய வருடம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததால் ஐரோப்பாவில் கோடைகாலமே இல்லாமற் போனது. ஜெனீவா ஏரிக்கரையில் மழையில் அடைபட்ட நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க் கதை எழுதுவதென்று தீர்மானித்தார்கள். அதிலிருந்து பிறந்த நாவல் 1818இல் வெளிவந்தபோது எழுதியவர் பெயர் அதில் இல்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் உயர்தர மாணவியரின் வயதுதான் அவருக்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு 1847இல் சார்லட் பிரொன்டேயின் 'ஜேன் எயர்'. ஆங்கிலேயக் கனவானின் பெரிய வீடு. மாடியில் இரவில் ஒரு சிரிப்புச் சத்தம். பேயென்று நாம் நினைத்தது, அவன் பூட்டி வைத்த மனைவி பேர்தா. அவள் ஜமெய்க்காவிலிருந்து கலியாணம் முடித்துக் கொண்டுவரப்பட்டவள். அவளோடு வந்த பணம் அடிமைகளின் உழைப்பில் நின்ற கரும்புத் தோட்டத் தீவின் பணம். கரிபியன் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ், 1966இல் 'வைட் சர்காசோ சீ' என்ற நாவலில் அவள் பக்கத்துக் கதையை எழுதினார். அங்கே அவளுடைய சொந்தப் பெயர் அன்ட்வானெட். 'பேர்தா' கணவன் வைத்த பெயர். முதலில் பெயர் போகிறது, பிறகு சொத்து, கடைசியில் புத்தி.

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று அலைந்த அம்மாமார் இந்தச் சபையிலும் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

தமிழுக்கு வருவோம். மேரி ஷெல்லியின் நாவலைப் 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்தவர் புதுமைப்பித்தன். 1943இல் 'காஞ்சனை' எழுதியவரும் அவரே. வீட்டுக்கு வேலைக்கு வந்த பெண் பேயா, மனிதரா என்று கடைசிவரை சொல்லாமல் நம்மை விட்டுவிடுகிற கதை அது. அதே மனிதர் 1935இல் 'துன்பக்கேணி' எழுதினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த மருதியின் கதை. தோட்டத்தின் பெயர் 'வாட்டர்பாலம்'. நீர்வீழ்ச்சி இரையும் ஊரில் இருக்கும் நமக்கு அந்தப் பெயர் அந்நியமாகத் தோன்றாது. அந்தக் கதையில் பேய் எதுவும் வருவதில்லை. ஆனால் தப்ப வழியில்லாத இடம், எல்லா அதிகாரமும் கையில் வைத்த துரை, தனித்துவிடப்பட்ட பெண் என்று கோதிக் கதையின் மற்றச் சாமான்கள் எல்லாம் இருக்கின்றன.

நம்முடைய மலைகளிலும் இப்படியான கதைகள் உண்டு. மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அவரை அடக்கம் செய்தது நுவரெலியாவில். அந்தக் கல்லறையிலும் இடி விழுந்தது என்று சனங்கள் இன்றும் சொல்கிறார்கள். யானைகளுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று சனங்களின் மனம் கேட்டிருக்கிறது. வரட்சிக் காலத்தில் மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் வழிபாட்டிடங்கள் தலைகாட்டுகின்றன. அதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. ஸ்டோரில் ரோதை முனி, மலையில் கவ்வாத்துச் சாமி என்று நம் முன்னோர் காவல் வைத்தார்கள். இயந்திரமும் கத்தியும் கையைப் பறித்துவிடும் என்ற பயத்துக்குத்தான் அந்தக் காவல்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். துரைக்குக் கல்லறை உண்டு, அதைச் சுற்றிக் கதையும் உண்டு. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, கொலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்த நம்மவர்களுக்குக் கல்லறை எங்கே? பூண்டுலோயாப் பக்கம் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நெடுங்கவிதையில் இதைத்தான் கேட்டார். சக்தீ பாலையா அதைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். அடையாளக் கல் இல்லாமல் தேயிலைக்குக் கீழே கிடக்கும் மூதாதையரை அச்சில் எழுப்பி நிறுத்தியவர் அவர். 2023இல், வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நம்மவர்கள் நடந்தார்களே, அதுவும் செத்தவர்களுக்குச் செய்த மரியாதைதான்.

வால்போலின் கோட்டைக்கு உரிய வாரிசு கடைசியில் கிடைத்தான். நம் லயத்துக் காம்பராவுக்கு உறுதி இன்னும் பெரும்பாலானோர் கையில் இல்லை. நாலு தலைமுறை பிறந்து இறந்த வீடு, சட்டப்படி வேறொருவருடையது. 1948இல் குடியுரிமையும் போனது. அது முழுமையாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். உயிரோடு இருந்தும் கடதாசியில் இல்லாதவர்களாக நம் பாட்டிமார் வாழ்ந்தார்கள். இதைவிடப் பெரிய ஆவிக் கதை எது?

தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. 'பொழுதுபட்டால் அந்த வளைவில் மோகினி நிற்கும், வகுப்புக்குப் போகாதே' என்று யாராவது சொன்னால், ராட்கிளிஃபின் வழியில் கேளுங்கள்: இந்தப் பயத்தால் யாருக்கு இலாபம்? அந்த வளைவில் உண்மையில் நிற்பது யார்? விளக்கு இல்லாததா குறை, கூட்டிப்போக ஆள் இல்லாததா, தொல்லை தரும் ஆளைக் கண்டிக்க ஒருவரும் இல்லாததா? காரணத்தைக் கண்டுபிடித்தால் அதற்கு மருந்து உண்டு. மோகினியைச் சொல்லிப் பிள்ளையின் படிப்பை நிறுத்தினால் மருந்தே இல்லை.

அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த நூற்றாண்டு ஞாபகமாக நூலகத்தில் ஒரு பெரிய கொப்பி வைப்போம். ஒவ்வொரு மாணவியும் தன் பாட்டி சொன்ன ஒரு கதையை, தோட்டத்தின் பெயரோடு, பாட்டியின் பேச்சு மாறாமல் அதில் எழுதட்டும். முனிக் கதையாக இருக்கட்டும், பங்களாக் கதையாக இருக்கட்டும். முதலாவது பக்கத்தை நான் எழுதித் தருகிறேன். இரண்டாவதை யார் எழுதுவது என்று தேநீர் வேளைக்கு முன் ஒருவர் கை உயர்த்திவிடுங்கள்.