நிஜப் பெயரையும் சொல்வோம்

(எடப்பாடியில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)

பள்ளியில் சிறார் திரைப்படம் திரையிட்டதும், "கதாநாயகன் யார்?" என்று கேட்கிறோம். "நிஜத்தில் அவர் யார்?" என்றும் கேட்போம்.

1984 டிசம்பர் 2 நள்ளிரவு. போபால் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு படர்ந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. ரயில் நிலையத்தில் பணியிலிருந்த துணைக் கண்காணிப்பாளர் குலாம் தஸ்தகீர், மேலிட உத்தரவுக்குக் காத்திராமல், பயணிகள் நிறைந்த ரயிலை நேரத்துக்கு முன்பே அனுப்பிவைத்தார். போபாலுக்கு வரும் வண்டிகளை நிறுத்தச் சொல்லித் தகவல் கொடுத்தார். குடும்பம் அதே நகரில் இருந்தும் நிலையத்தைவிட்டு நகரவில்லை. வாயு தந்த நோயோடு வாழ்ந்து 2003இல் மறைந்தார்.

2023இல் வெளியான 'தி ரயில்வே மென்' தொடரில் நம் மாதவனும் நடித்திருக்கிறார். அதில் நிலைய அதிகாரியின் பெயர் இப்தேகார் சித்திக்கி. கற்பனை சேர்ப்பது கலையின் உரிமை. ஆனால், தொடரை மட்டும் பார்த்தவருக்குத் தஸ்தகீரைத் தெரியாமலே போகலாம். அந்தப் பெயரைச் சொல்வது வகுப்பறையின் வேலை.

இந்த இரவை மாணவர்கள் பத்து நிமிட நாடகமாக்கட்டும். எழுதும்போதே கரும்பலகையை இரண்டாகப் பிரியுங்கள்: 'நடந்தது', 'நாம் சேர்த்தது'. ஒவ்வொரு காட்சியையும் உரிய பக்கத்தில் அவர்களே எழுதட்டும். செய்தியையும் கற்பனையையும் பிரித்தறிய இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

நம் பிள்ளைகளின் பெற்றோர் பலர் விசைத்தறியிலும் பட்டறையிலும் உழைப்பவர்கள். ஆபத்து வந்தால் முதலில் செயல்படுபவர் அங்கே வேலை செய்பவர்தான். தன் அப்பா, அம்மா செய்யும் வேலையிலும் கதாநாயகர் உண்டு என்று பிள்ளைகள் அறியட்டும்.