பேழையும் பொருளும்



சுவடியைக் கட்டிய கயிறு அறுந்தால் சுவடியே அழிந்தது என்று அழுவார் உண்டோ? நான் ஒருமுறை அவ்வாறு கலங்கினேன். எங்கள் பள்ளியின் ஆண்டு மலர்களையும் பழைய மாணவர்களின் படங்களையும் ஒரு வெளிப்புற வன்தட்டில் சேர்த்து வைத்திருந்தேன். ஒருநாள் கணினியுடன் இணைத்தபோது அது விழிக்கவே இல்லை. என்னிடம் பயின்ற ஒருவர் உறையைத் திறந்து, உள்ளிருந்த தட்டை வேறோர் உறையில் பொருத்தினார். படங்கள் அனைத்தும் மீண்டன! பழுதுற்றது தட்டு அன்று. உறையிலிருந்த சிறு மின்பலகையே.

வன்தட்டின் மொழி 'சாட்டா'. கணினி வாயிலின் மொழி 'யு.எஸ்.பி.'. இவ்விரண்டிற்கும் இடையே மொழிபெயர்ப்பாளனாய் நிற்பது உறையிலுள்ள சில்லு. ஆதலின், உறை வாங்குவோர் மூன்றினை நோக்குதல் வேண்டும்.

முதலாவது மின்சாரம். இரண்டரை அங்குலத் தட்டிற்கு 5 வோல்ட் போதும், அதனை யு.எஸ்.பி. வடமே தரும். மூன்றரை அங்குலத் தட்டிற்கோ 12 வோல்ட்டும் வேண்டும். தனி அடாப்டர் உள்ள உறையே அதற்கு ஏற்றது. மின்சாரம் போதாத தட்டு சுழல முயன்று, 'டிக் டிக்' என ஒலித்து ஓய்ந்துவிடும்.

இரண்டாவது வேகம். 2000-ஆம் ஆண்டில் வந்த யு.எஸ்.பி. 2.0 நொடிக்கு 480 மெகாபிட் வரை கடத்தும். 2008-இல் வந்த 3.0, 5,000 மெகாபிட் வரை கடத்தும். சுழலும் தட்டிற்கு முன்னது குறுகிய சந்து. பின்னது அகன்ற சாலை. 'டைப்-சி' என்பது முனையின் வடிவமே, வேகத்தின் பெயரன்று. அப்பெயர் கண்டு மயங்கற்க.

மூன்றாவதே தலையாயது: தட்டைக் கழற்ற இயலுமா என்பது. ஆயத்தமாய் விற்கும் சில வட்டுகளில் யு.எஸ்.பி. முனை தட்டின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வேறு சில உறைகளில் சில்லே தரவை மறையெழுத்தாக மாற்றி எழுதும். அது கெட்டால் மற்றோர் உறையால் படித்தல் அரிது. என் தட்டு இவ்விரு வகையிலும் சேராதது என் நற்பேறு.

ஆனால், நற்பேற்றை நம்பியா அரும்பொருளை வைப்பது? நல்ல உறையிலிருக்கும் தட்டும் ஒருநாள் தேயும். ஓலை சிதையுமுன் அடுத்த படியை எழுதி வைத்தனர் நம் முன்னோர். அதனாலன்றோ பழைய நூல்கள் நம் கைக்கு எட்டின! நீங்களும் உறையை ஆராய்ந்து வாங்குங்கள். வாங்கிய அன்றே மற்றொரு தட்டில் இரண்டாம் படியும் எடுத்து, வேறிடத்தில் வையுங்கள். பேழை போனால் வேறு வாங்கலாம். பொருள் போனால் வாங்க இயலாது.