மஞ்சள் குறையலையா? மலத்தின் நிறத்தைப் பாருங்க!

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கமிருந்து வந்திருக்கும் தாய்மார்களே!

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வந்தா, "காலை வெயில்ல காட்டு"ன்னு பெரியவங்க சொல்வாங்க. பெரும்பாலும் தானாகவே குறைஞ்சிடும். ஆனா 14 நாள் தாண்டியும் மஞ்சள் இருந்தாலோ, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தாலோ காத்திருக்காதீங்க. அரிதான பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். விட்டுவிட்டால் கல்லீரல் கெட்டுவிடும்.

முதலில் நேரடி பிலிருபின் ரத்தப் பரிசோதனை. அடுத்து வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இதில் கதிர்வீச்சு கிடையாது. பால் குடித்தவுடன் பித்தப்பை சுருங்கிவிடும். அதனால் ஸ்கேனுக்கு எத்தனை மணி நேரம் முன்பு பாலை நிறுத்தணும்னு கேட்டுக்கோங்க. பித்தக் குழாய் பை போல வீங்கியிருந்தால் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனும் தேவைப்படலாம். ஸ்கேன் நார்மல்னு வந்தாலும் மலம் வெளுப்பாகவே இருந்தால், மறுபடி டாக்டரைப் பாருங்க.

அடைப்புக்குச் செய்வது 'கசாய்' அறுவை சிகிச்சை. கஷாயம் இல்லீங்க, மோரியோ கசாய் என்ற ஜப்பான் டாக்டரின் பெயர். 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம்.

உங்க செல்போனில் மலத்தைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்க. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலிலேயே போகலாம். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழையுங்க. நாட்களை எண்ணுங்க, தள்ளிப் போடாதீங்க.