பொம்மைக்கு உயிர் கொடுப்பது கதையே!

(‘வீட்டுக் கணினியில் உருவாகும் அனிமேஷன் தொடருக்குப் பலம் படமா, கதையா?’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிப் பேச்சரங்கில், ‘கதையே’ என்ற அணிக்காக ஆற்றப்பட்ட உரை.)

 

எதிரணியினர் ஒரே பல்லவியைப் பாடிவிட்டு அமர்ந்திருக்கிறார்கள். பணம் இல்லை, நல்ல கணினி இல்லை, ஆள் பலம் இல்லை. அதனால் படம் சரியில்லை. படம் சரியில்லாததால் தொடர் எடுபடவில்லை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சின்னக் கேள்வி. ஒரு குழந்தை சுவரில் கரிக்கட்டியால் வட்டம் போட்டு, அதன் கீழே நான்கு கோடு இழுத்து, "இது யானை" என்கிறது. அதற்கு அது யானைதான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு குழந்தையும் "இது யானை மாதிரி இல்லையே" என்று சண்டைக்கு வருவதில்லை. "யானை எங்கே போகுது?" என்றுதான் கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறவனே கதைசொல்லி. பதில் இல்லாதவர்கள்தான் யானையின் தோலுக்கு மெருகு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் மாலை நேரத்தில் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடையைப் பாருங்கள். அம்மா ஒரு கையால் சோறு ஊட்டுவார்; மறுகையில் கைபேசி. அதில் ஓடுவது பெரும்பாலும் யாரோ வீட்டிலிருந்தபடி செய்து யூடியூபில் ஏற்றிய தமிழ்க் கார்ட்டூன். மாமியார் மருமகள் கதை; ஏழை வியாபாரியும் மந்திர மரமும்; பேராசைக்காரப் பக்கத்து வீட்டுக்காரியும் மாயப் பானையும். பல தொடர்களில் படம் ஒன்றுதான். மொழிக்கு மொழி குரல் மட்டும் மாறும்.

இவற்றைச் செய்கிறவர்களைக் குறைத்துப் பேசுவது இந்த அணியின் நோக்கம் இல்லை. பகலில் வேலை பார்த்து, இரவில் கண்விழித்து, ஒரு நிமிடப் படத்துக்குப் பல நாள் உழைக்கிறார்கள். அந்த உழைப்பைப் பாராட்ட வேண்டும். ஆனால் பாராட்டு வேறு, பரிசோதனை வேறு. நோயாளியைப் பிடிக்கும் என்பதற்காக மருத்துவர் நாடி பார்க்காமல் விடுவதில்லை.

நாடி பிடித்துப் பார்த்தால் மூன்று நோய்கள் தெரிகின்றன.

முதல் நோய், பின்னணிக் குரல். "ராமு மிகவும் மனம் உடைந்து போனான்" என்று குரல் சொல்கிறது. படத்தில் ராமு நிற்கிறான். முகத்தில் போன காட்சியில் இருந்த அதே புன்னகை! மனம் உடைந்ததை அவன் காட்டவில்லை. யாரோ சொல்லித்தான் தெரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எதுவும் குறையாது என்றால், அது படம் வைத்த வானொலி.

இரண்டாவது நோய், மாறாத மனிதர்கள். மாமியார் முதல் காட்சியில் கெட்டவர், கடைசிக் காட்சி வரை கெட்டவர், கடைசி அரை நிமிடத்தில் திருந்திவிடுவார். ஏன் கெட்டவரானார்? தெரியாது. ஏன் திருந்தினார்? நேரம் முடிந்துவிட்டது, அதனால் திருந்தினார்! உண்மையான மாமியார் அப்படியா இருக்கிறார்? காலையில் மருமகளைக் கடிந்துகொள்வார். மதியம் அவளுக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக் கொடுப்பார். அந்த ரசத்தையும் கடிந்துகொண்டேதான் கொடுப்பார். அந்த ஒரு கிண்ணம் ரசத்தில் ஒரு பாத்திரம் பிறந்துவிடுகிறது.

மூன்றாவது நோய்தான் கொடியது. மாயப் பானை. ஏழைக்குக் கஷ்டம் வருகிறது, மரத்தடியில் அழுகிறான், மரம் பொன் கொடுக்கிறது. அவன் என்ன செய்தான்? அழுதான். அவ்வளவுதான். முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் மனிதனை நகர்த்திவிட்டுப் பானையை உட்கார வைத்தாகிவிட்டது. அழுதால் கிடைக்கும் என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு தொடர் வேண்டுமா?

பணம் இல்லாமல் வென்றவர்கள்

பணம்தான் காரணம் என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் படித்து வெளிவந்த மூன்று இளைஞர்கள், லெஸ் கோபாக் என்ற புது நிறுவனத்தோடு சேர்ந்தார்கள். 2007 செப்டம்பரில், நோன்பு மாதத்தையொட்டி, டிவி9-இல் ‘உப்பின் இப்பின்’ வந்தது. முதல் பருவம் ஆறே பகுதிகள். இன்றைய கண்ணோடு பார்த்தால் அந்தப் படம் மிக எளிமையானது. ஆனால் கதையைப் பாருங்கள். தாய் தந்தையை இழந்த ஐந்து வயது இரட்டையர். வளர்ப்பது பாட்டியும் அக்காவும். பிள்ளைகள் முதன்முறையாக நோன்பு இருக்கிறார்கள். அரக்கன் வரவில்லை, மந்திரவாதி வரவில்லை. அந்தத் தொடரின் முதல் எதிரி பசி! ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய எதிரி யார்?

அந்தக் கிராமத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆசை இருக்கிறது. மெயிலுக்கு வியாபாரம், எதையாவது விற்க வேண்டும். ஜர்ஜிட் சிங்குக்கு எதற்கெடுத்தாலும் பந்துன் பாட வேண்டும். அக்கா ரோஸுக்குத் தம்பிகள் ஒழுங்காக வளர வேண்டும். ஆசைகள் மோதும்போது கதை தானாக நகர்கிறது. அதனால்தான் படம் எளிமையாக இருந்தும் பிள்ளைகள் விடவில்லை.

கடல் கடந்து போனாலும் இதே சாட்சிதான். ஜப்பானில் மக்கோத்தோ ஷின்காய் 2002-இல் தம் வீட்டுக் கணினியில் சுமார் 25 நிமிடப் படம் ஒன்றை ஏறக்குறையத் தனியாளாகச் செய்தார். பெண் விண்வெளியில், பையன் பூமியில். அவள் தூரம் போகப் போக அவள் அனுப்பும் குறுஞ்செய்தி வந்து சேர ஆண்டுக்கணக்காகிறது. ஒரே ஒரு எண்ணம். அதுவே மனத்தைப் பிசைகிறது. அமெரிக்காவில் நீனா பேலி, சீதையின் கதையைத் தம் கணினியில் தனியாக உழைத்துப் படமாக்கி 2008-இல் வெளியிட்டார். அதன்மேல் ஆட்சேபங்களும் எழுந்தன. ஆனால் அதில் கதை சொல்லும் மூன்று நிழற்பாவைகள், "அப்படியா நடந்தது? இல்லை, இப்படித்தான்" என்று தங்களுக்குள்ளேயே முரண்படுகின்றன. பின்னணிக் குரலைக்கூடப் பாத்திரமாக்க முடியும் என்பதற்கு அது சான்று. லாட்வியா என்ற சிறு நாட்டின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் 2019-இல் ஒரு முழுநீளப் படத்தைத் தனியாளாக முடித்தார். அடுத்து அவர் சிறு குழுவோடு, பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்த ‘ஃப்ளோ’, 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வென்றது. அதில் ஒரு வசனம்கூட இல்லை. ஒரு பூனை, வெள்ளம், ஒரு படகு. தனியாகவே இருந்து பழகிய பூனை, மற்ற விலங்குகளோடு ஒரே படகில் இருந்தாக வேண்டும். கதை அவ்வளவுதான்.

அந்த மென்பொருள் நம் பிள்ளைகளுக்கும் இலவசம்தானே?

நம் பிள்ளை அதில் யார்?

இந்த விவாதத்தை வெறும் தொழில்நுட்பப் பேச்சாக விட்டுவிட முடியாது. பிள்ளைகள் கார்ட்டூனில் தங்களைத் தேடுகிறார்கள். ‘உப்பின் இப்பின்’ தொடரில் கடை நடத்தும் அங்கிள் முத்து இருக்கிறார், ராஜு இருக்கிறான். தீபாவளிக் கதையும் வந்தது. நன்றி சொல்ல வேண்டிய விஷயம். 2011-இல் தொடங்கிய ‘போபோய்போய்’ தொடரில் கோபால் வந்தான். "டேய்" என்கிறான், அப்பாவை "அப்பா" என்றே அழைக்கிறான். நம் வீட்டுப் பிள்ளை! ஆனால் அவன் எப்படிப்பட்டவன்? சாப்பாட்டு ராமன், எதைக் கண்டாலும் பயம். நாயகன் உலகத்தைக் காப்பாற்றுவான். கோபால் நாயகனின் நண்பன்.

இதைக் கண்டு நம்மவர்களில் சிலருக்குக் கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் கோபம் தவறான இடத்தைச் சுடுகிறது. சிரிக்க வைப்பது இழிவா? குமரி மாவட்டத்துத் தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இராமாயணத்துக்கு நடுவே புகுந்து ஊரையே சிரிக்க வைப்பார்கள். கிளந்தானின் வாயாங் கூலிட்டில் பாக் டோகோல் கோமாளிதான். ஆனால் அவன் மாறுவேடத்தில் இருக்கும் தெய்வம் என்பது கூத்துக்காரர்களின் நம்பிக்கை. தமிழனுக்கும் மலாய்க்காரருக்கும் கோமாளி என்றால் குறைந்தவன் இல்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. கதை திரும்புகிற இடத்தில் முடிவு யார் கையில் இருக்கிறது? கோபாலுக்கு ஒரு சக்தி உண்டு. பொருள்களைத் தின்பண்டமாக மாற்றிவிடுவான். தன் பசியையே ஆயுதமாக்கிக் கதையைத் திருப்பும்போது அவன் உயர்ந்து நிற்கிறான். வெறுமனே பயந்து ஓடும்போது தாழ்ந்து போகிறான். ஒரு பாத்திரத்தைக் கதையிலிருந்து எடுத்துப் பாருங்கள். கதை அப்படியே நிற்கிறதென்றால், அந்தப் பாத்திரம் அங்கே வெறும் அலங்காரத் தோரணம். இதே சோதனையை நம் மாமியார் மருமகள் தொடருக்கும் வைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை யார் கையிலும் முடிவு இல்லை; பானையின் கையில் இருக்கிறது! அடுத்தவர் நம்மை ஓரமாக நிறுத்தினார்கள் என்று வருந்துகிறவர்கள், நம் தொடரிலேயே நம் மனிதர்களை ஓரமாக நிறுத்தலாமா?

ஓரத்தில் நிற்க வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை. மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படமாகப் பதிவாகியிருப்பது, 1978-இல் உருவான ‘ஹிக்காயாட் சங் கஞ்சில்’. அதைச் செய்தவர் பிலிம் நெகாராவில் அரங்க வடிவமைப்பாளராக இருந்த ஆனந்தம் சேவியர். அவர் தேர்ந்தெடுத்த நாயகன் ஒரு சின்னஞ்சிறு சருகுமான். பெரிய விலங்குகளைப் புத்தியால் வெல்கிறவன். அவனுக்கு எந்த மரமும் பொன் கொடுக்கவில்லை.

ஒரு செம்பு மோர்

பினாங்கில் கதைக்கா பஞ்சம்? தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல். அதை வைத்து இரண்டு விதமாகக் கற்பனை செய்து பாருங்கள்.

முதல் விதம்: சிறுமி எல்லோருக்கும் மோர் கொடுக்கிறாள். "தாகம் தீர்ப்பது புண்ணியம்" என்கிறது பின்னணிக் குரல். எல்லோரும் கைதட்டுகிறார்கள். முற்றும்.

இரண்டாவது விதம்: அந்தச் சிறுமியின் அண்ணன் முதன்முறையாகக் காவடி எடுக்கிறான். "அண்ணா, நீ வரும்போது உனக்கு ஒரு செம்பு மோர் எடுத்து வைப்பேன்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். வெயில் ஏறுகிறது, அண்டா காலி. மேசைக்கு அடியில் ஒளித்து வைத்த அந்த ஒரு செம்பு மட்டும் இருக்கிறது. ரதத்துக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்த ஒரு சீனப் பாட்டி, தலைசுற்றி ஓரமாக உட்கார்ந்து, கையை நீட்டுகிறார். அதே நேரத்தில் தெருமுனையில் அண்ணனின் காவடிக் கூட்டத்து உறுமி கேட்கிறது.

இங்கே நிறுத்துங்கள். எந்தக் குழந்தையாவது இப்போது கைபேசியைக் கீழே வைக்குமா? கொடுத்தால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பாள்? கொடுக்காவிட்டால் அந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை எந்த மனத்தோடு ஏறுவாள்? நீதி எதுவும் சொல்ல வேண்டாம். அவள் கை செம்பை நோக்கிப் போவதைக் காட்டினால் போதும். இதற்கு ஆகும் செலவு என்ன? மூன்று பாத்திரம், ஒரு பந்தல், ஒரு செம்பு. எதிரணியினர் கணக்குப் பார்க்கட்டும்!

பேசுகிற தமிழும் நம் தமிழாக இருக்கட்டும். நம் தெருவில் மலாயும் ஹொக்கியனும் கலந்து பேசுகிற பிள்ளை, திரையில் மட்டும் பாடப்புத்தகத்தைப் போலப் பேசினால், அவனை அவன் நண்பர்களுக்கே அடையாளம் தெரியாது.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். இவனுக்கு என்ன வேண்டும்? எது தடுக்கிறது? இவன் என்ன முடிவு எடுக்கிறான்? மூன்றாவது வரி காலியாக இருந்தால் கணினியைத் திறக்காதீர்கள். பெற்றோருக்கும் ஒன்று. படம் முடிந்ததும், "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள். "நீயா இருந்தா என்ன செஞ்சிருப்பே?" என்று கேளுங்கள். பிள்ளை யோசித்துப் பதில் சொன்னால், அந்தத் தொடரில் கதை இருக்கிறது. விழித்தால், அதில் பானைதான் இருந்திருக்கிறது.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். கதை சட்டியில் இருக்கட்டும். படம் என்ற அகப்பை மரத்தால் ஆனாலும் சரி, வெள்ளியால் ஆனாலும் சரி, பிள்ளையின் பசி தீரும். ஆகவே பலம் கதையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, இந்த உரை நிறைவு பெறுகிறது.